சாமியறைப் பக்கத்துச் சுவர்

அருளம்பலத்தார் குளியலறைக்குள் கால் வைப்பதற்கு முன்னமே சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் தானே முன்னின்று கட்டுவித்த குளியலறைதான். ஆனாலும் வாடகைக்கு ஆள் வந்த பிறகு அது ஏதோ அந்நிய தேசத்துக் குளியலறையாகிவிட்டது போல இருந்தது அவர் முகம். மின்குமிழ் எரிந்துகொண்டிருக்கையிலேயே டோர்ச் லைற்றையும் அடித்து, மேல்மூலையிலிருந்து சுவர் நெடுக இறங்கியிருந்த கறுப்பைப் பார்த்தார். மேலே அது விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிபோல அப்பியிருந்தது. கீழே வரவரப் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது.

“உது பூஞ்சணம்,” என்றார்.

“ஓம் அங்கிள். அதைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டனான்,” என்றாள் வசந்தினி.

“ஏன் வந்தது எண்டு யோசிச்சுப் பாத்தீரே?”

“காத்துப் போக வழியில்லை. அந்தப் பூக்கல்லை நீங்கள் அடைச்ச பிறகுதான்...”

“அது பிறகு. முதல் நான் கேக்கிறதுக்குச் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தினை தரம் குளிக்கிறியள்?”

பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிற, கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடம் அவர் இதைக் கேட்டார். வசந்தினிக்குக் காது சுட்டது. என்றாலும் சொன்னாள். “காலமை ஒருக்கா. கந்தோராலை வந்து ஒருக்கா. பிள்ளைக்குச் சுடுதண்ணி வாக்கிறனான்.”

“பாத்தீரே!” டோர்ச் லைற் அணைந்தது. விசாரணை முடிந்துவிட்டது. “சுடுதண்ணி! ஆவி! அந்த ஆவி எங்கை போறது? சுவரிலைதானே போய் ஒட்டும். நான் பிழையாச் சொல்லுறன் எண்டு நினையாதையும் பிள்ளை, கடற்கரை ஆக்களுக்குத் தண்ணியெண்டால் ஒரு இதுதான். அது பழக்கம். முந்தி இஞ்சை கம்பஸ் பெடியள் நாலு பேர் இருந்தவங்கள். ஒரு நாள் ஒரு முறைப்பாடு?”

கம்பஸ் பெடியள் நாலு பேரும் அந்தக் குளியலறையை வாரத்துக்கு ஒருதரம் பார்த்திருந்தாலே பெரிய காரியம் என்று வசந்தினி நினைத்தாள். அதைவிட, அவர்களுடைய காலத்தில் பூக்கல் திறந்திருந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது அந்த வளவு. முன்னுக்கு அருளம்பலத்தாரும் மனைவி செல்வநாயகியும் இருக்கிற பெரிய வீடு. அதோடு ஒட்டி, பின்னுக்கு இழுத்துக் கட்டிய அனெக்ஸில் வசந்தினியும் கணவன் ஜஸ்ரினும் நாலு வயது ஜெசிதாவும். ஜஸ்ரின் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவன். சனி பின்னேரம் வருவான், ஞாயிறு இரவு போவான். கக்கூசு வளவின் கோடியில் தனியே இருந்தது. குளியலறை மட்டும் அனெக்ஸின் உள்ளே, பெரிய வீட்டுச் சாமியறையோடு ஒரே சுவராக இருந்தது. மற்றப் பக்கத்து வெளிச்சுவரின் உச்சியில் பூக்கல் இரண்டு பதித்திருந்தார்கள். காற்று வந்துபோக ஓட்டை விட்ட சீமெந்துக் கற்கள்.

அவர்கள் குடிவந்து நாலு மாதத்தில், ஆடியில், வசந்தினி ஒரு நாள் கந்தோரால் வந்து பார்க்கையில் அந்த ஓட்டைகள் இல்லை. வழவழவென்று சீமெந்து பூசியிருந்தது. அருளம்பலத்தாரிடம் காரணம் கேட்டாள். அவர் அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர் போலவே சொன்னார்.

“அதுக்கு வெளியிலை நிக்கிறது சாமிப் பூ, பிள்ளை. நந்தியாவட்டை, செவ்வரத்தை. நீங்கள் குளிக்கிற காத்து அதிலை படக்கூடாது. காலமை அதைப் புடுங்கித்தானே நாங்கள் சாமிக்கு வைக்கிறது.”

ஒரு திணைக்களத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உலகத்தில் எந்தக் கோப்பை எந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டக்கூடாது என்று தெரிந்தவர். நந்தியாவட்டைக்கு மூச்சு முட்டிவிடக்கூடாது என்று கவலைப்பட்ட அந்த மனுசனுக்கு, உள்ளே இருக்கிறவர்களுக்கும் மூச்சு என்று ஒன்று இருக்கும் என்பது கடைசிவரை தோன்றவேயில்லை.

ஆவணி, புரட்டாதி வெக்கையில் குளியலறைச் சுவர் வியர்த்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் கறுத்தது. அதோடு ஜெசிதாவின் நெஞ்சு சீழ்க்கை அடிக்கத் தொடங்கியது. படுத்தால் இழுப்பு, சிரித்தால் இருமல். கிளினிக்கில் டொக்டர் பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு வசந்தினியை நிமிர்ந்து பார்த்தார்.

“வீட்டுக்கை ஈரமோ?”

“குளியலறையிலை பூஞ்சணம் டொக்டர். படுக்கிற அறைக்குப் பக்கத்திலை.”

“நான் இழுப்புக்கு வாயிலை அடிக்கிற பம் எழுதித் தாறன். ஆனா அந்த ஈரத்துக்கை வைச்சுக்கொண்டு பம் அடிச்சுப் பிரயோசனமில்லை. ஒண்டு பூஞ்சணம் போகோணும். இல்லாட்டி நீங்கள் போகோணும். இப்பிடியே விட்டால் இந்த இழுப்பு பிள்ளைக்கு முட்டா நிலைச்சுப்போயிடும்.”

போவது எங்கே? திருநெல்வேலியில் வீடு வைத்திருப்பவர்கள் கம்பஸ் பெடியளைத் தலைக்கணக்கில் அடுக்கத்தான் ஆசைப்படுவார்கள், குடும்பத்துக்குக் கொடுக்கமாட்டார்கள். கொடுக்கச் சம்மதித்த இரண்டொருவரும் பெயரைக் கேட்டார்கள், கிறிஸ்தவர்களோ என்றார்கள். பிறகு சொந்த ஊரைக் கேட்டார்கள். மீன்பிடிக்கிற குருநகர் என்றதும் வீடு போய்விட்டது. “ஐயோ பிள்ளை, இப்ப கொஞ்சத்துக்கு முந்தித்தான் ஒரு ஆளுக்குச் சொன்னனாங்கள்.” அந்த வீட்டுப் படலையில் ‘வாடகைக்கு’ என்ற மட்டை அடுத்த கிழமையும் மழையில் நனைந்துகொண்டு தொங்கியது. குருநகரில் தாய் வீட்டில் தமையன் குடும்பத்தோடு சேர்ந்து ஏற்கெனவே ஆள் மேல் ஆள். ஆகவே பூஞ்சணம்தான் போகவேண்டும்.

அருளம்பலத்தாரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அது போகவேண்டிய வழியை அவர் எழுத்தில் தந்தார். டோர்ச் லைற்றோடு வந்துபோன மூன்றாம் நாள், ‘குளியலறை பாவிப்போர் கவனத்துக்கு’ என்று தட்டச்சடித்து, சந்தியில் கொடுத்து லமினேற் செய்து, கதவின் உட்பக்கம் ஆணி அடித்துக் கொழுவினார். குளித்தபின் சுவரை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். நிலத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது. சுடுநீர் தவிர்க்கப்படல் வேண்டும். தேவையின்றிக் கதவைத் திறந்து வைத்திருக்கக்கூடாது. கீழே கையெழுத்து.

“கதவையும் திறக்கக்கூடாதாம்,” என்றான் ஜஸ்ரின், அந்தச் சனிக்கிழமை அதை வாசித்துவிட்டு. “பேந்து எப்பிடியப்பா காயும்? அந்தாள் படிச்சதோ?”

“கதவைத் திறந்தால் மணம் முன்வீட்டுக்குப் போகுமாம்.”

“என்ன மணம்? சவுக்கார மணமோ?”

“எங்கடை மணம்,” என்றாள் வசந்தினி.

அவள் எல்லாவற்றையும் செய்தாள். துவாயால் சுவரைத் துடைத்தாள். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தாள், கை விரல் வெடித்தது. செல்வநாயகி சொன்னதற்காகச் சாம்பிராணிகூடப் போட்டாள். அந்தப் புகையில் ஜெசிதாவுக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினதுதான் மிச்சம். ஒரு கிழமைக்குச் சுவர் வெள்ளையாக நிற்கும். பிறகு மூலையில் ஒரு புள்ளி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாம் கிழமை லமினேற் மட்டைக்கு உள்ளேயும் பூஞ்சணம் நுழைந்து, அருளம்பலத்தாரின் கையெழுத்தின்மேல் ஏறிக் குந்தியது.

“நான் அந்தப் பூக்கல்லைத் தட்டி விடுறன். ரெண்டு அடி போதும்,” என்று ஜஸ்ரின் சுத்தியலை எடுத்தான்.

“தட்டுங்கோ. அடுத்த நாள் நாங்கள் ரோட்டிலை.”

“அப்ப போய்க் கேள்.”

“மூண்டு தரம் கேட்டிட்டன். எங்கடை செலவிலை திறந்து, பிறகு நாங்களே பூசியும் தாறம் எண்டும் சொன்னன். ‘சுவரிலை கை வைக்கிற கதை கதையாதையும்’ எண்டு சொல்லிப்போட்டார்.”

ஜஸ்ரின் சுத்தியலைத் திரும்ப வைத்தான்.

கந்தசஷ்டி தொடங்கியது. பெரிய வீட்டில் ஆறு நாளும் விரதம். காலையும் மாலையும் கோயில் ஆட்களும் சொந்தக்காரரும் வந்து சாமியறையில் இருந்து பாடுவார்கள். அந்த ஆறு நாளும் அனெக்ஸிலும் மீன் கூடாது என்று குடிவந்த அன்றே பேசியிருந்தது. வசந்தினி அதைப் பிசகாமல் கைக்கொண்டாள். ஜெசிதா மீன் கேட்டு அழுதபோது முட்டையும் கொடுக்காமல் பருப்போடு சமாளித்தாள்.

சஷ்டியின் நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் அருளம்பலத்தார் திருநீற்றுப் பூச்சோடு அனெக்ஸ் வாசலுக்கு வந்தார். படி ஏறவில்லை. கீழேயே நின்றார்.

“நேற்று என்ன கறி?”

“பருப்பும் கத்தரிக்காயும்.”

“பொய் சொல்லாதையும் பிள்ளை. விரத நாளிலை என்னவோ நடந்திருக்கு. முருகன்ரை படத்துக்குப் பின்னாலை வந்திட்டுது.”

“என்ன வந்தது அங்கிள்?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். “அது... கறுப்பா.”

வசந்தினிக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கம் இருந்தால் பூஞ்சணம், அந்தப் பக்கம் போனால் கறுப்பு.

“அது ஒரே சுவர்தானே அங்கிள். இஞ்சை உள்ள ஈரம் போக வழியில்லாமல் அங்காலை ஊறுது. மீன் பொரிச்ச மணம் சுவருக்குள்ளாலை போகாது, தண்ணிதான் போகும். நான் ஒருக்கா வந்து பாக்கட்டே?”

“நீரோ?” உண்மையிலேயே திடுக்கிட்டுவிட்டார். “சாமியறைக்கையோ? சஷ்டியிலையோ?”

“அப்ப நீங்களே கையை வைச்சுப் பாருங்கோ. குளிரும்.”

“எனக்கு நீர் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தச் சுவரைக் கட்டினவன் நான்.” சால்வையை உதறித் தோளில் போட்டார். “சூரன்போர் முடிய நீங்கள் வேறை இடம் பாருங்கோ. அதுமட்டும் உந்த பாத்றூமைத் திறக்கப்படாது. ஒரு சொட்டுத் தண்ணி அதுக்கை விழப்படாது. சொல்லிப்போட்டன்.”

“அப்ப நாங்கள் எங்கை குளிக்கிறது?”

“அது உங்கடை பாடு.”

அவர் போன பிறகு வசந்தினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஜெசிதாவின் மூச்சு கேட்டது, பழைய கதவு திறந்து மூடுகிற மாதிரி. சூரன்போருக்கு இன்னும் இரண்டு நாள். அதற்குள் எந்த வீடு? எந்தப் படலை? அழுகை வந்தது. அழுகையை முந்திக்கொண்டு வேறொன்று நினைவுக்கு வந்தது.

வீடு பார்க்க வந்த அன்று இதே மனுசன் முற்றத்துக் கிணற்றைக் காட்டிச் சொன்னார். “எங்கடை கிணறு நல்ல தண்ணி. எப்பவும் அள்ளலாம். உங்களுக்கும்தான்.” பெருமைக்குச் சொன்னது. குடிவந்த புதிதில் அதை நம்பி அவள் ஒரு நாள் ஒரு வாளி அள்ளினாள். அள்ளிக்கொண்டு வந்து யன்னலால் பார்த்தபோது செல்வநாயகி கிணற்றடிச் சீமெந்தில் தண்ணி ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு மூலை விடாமல். கிணற்று வாளியின் பிடியைக்கூட. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. வசந்தினியும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

‘எங்கடை பாடுதானே,’ என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனி. இரவு பெய்து ஓய்ந்து, காலை வெயில் பளிச்சென்று விழுந்தது. வசந்தினி உடம்பு மூடின பழைய சோட்டி ஒன்றைப் போட்டு, தோளில் துவாயும் கையில் சவுக்காரப் பெட்டியும் சுடுதண்ணிப் பானையுமாக, ஜெசிதாவைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கிணற்றில் வாளியை விட்டாள். கப்பி கீச்சென்றது. அது அந்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் கேட்டிருக்கவேண்டும்.

பெரிய வீட்டுக்கு வருகிறவர்கள் கிணற்றடியில் கால் கழுவிவிட்டுத்தான் சாமியறைக்குப் போவது வழக்கம். அன்றைக்கு முதலில் வந்தவர் தியாகராசா. கோயில் பரிபாலன சபைத் தலைவர். அந்தத் தலைமைக்கு இரண்டு வருடம் முன்பு அருளம்பலத்தாரும் நின்று தோற்றிருந்தார். தியாகராசாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

வெந்நீரைக் கலந்து பிள்ளையின் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள் வசந்தினி. ஜெசிதா கண்ணைப் பொத்திக்கொண்டு, “அம்மா, சூரியன் தலையிலை இருக்கு!” என்று கத்தினாள்.

தியாகராசா நின்றார். பெரிய வீட்டுப் பக்கம் பார்த்து உரத்துக் கூப்பிட்டார். “என்ன காணும் அருளம்பலம், அட்டாச் பாத்றூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீர். உவை கிணத்தடியிலை நிக்கினம்?”

வசந்தினி நிமிர்ந்து, மிக மரியாதையாகச் சொன்னாள். “பாத்றூம் பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு ஐயா. சாமியறைச் சுவர்மட்டும் வந்திட்டுது. திறக்கவேண்டாமெண்டு அங்கிள் சொல்லிப்போட்டார். பாவம், சாமிக்கு ஈரமெண்டு.”

“சாமியறையிலையோ!” தியாகராசாவின் முகம் மலர்ந்த மாதிரிக்கு நல்ல செய்தி கேட்டால்கூட மலராது. “உதென்ன காணும், நாங்கள் அதுக்கை இருந்தெல்லோ நாலு நாளாப் பாடுறம்.”

அந்த நேரம் செல்வநாயகி கும்பத்துக்குத் தண்ணி அள்ளப் பித்தளைச் செம்போடு வந்தாள். கிணற்றுக் கட்டுக்குச் சற்று எட்ட, யாரோ கோடு கீறி விட்டது போல நின்றுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் இருந்தது. கயிறு வசந்தினியின் கையில் இருந்தது.

“அன்ரி,” என்றாள் வசந்தினி. “செம்பைத் தாங்கோ. நான் அள்ளி ஊத்திவிடுறன்.”

செல்வநாயகி செம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாங்கினால் கும்பம் போச்சு. வாங்காவிட்டால் ஏழெட்டுப் பேருக்கு முன்னால் மரியாதை போச்சு. கிழவியின் கண் புருசனைத் தேடியது.

“செம்பைக் குடுமன் தங்கச்சி, தண்ணிதானே,” என்றார் தியாகராசா. சொல்லிவிட்டு, தான் கால் கழுவுவதற்கு மாத்திரம் படலையோரக் குழாயடியைத் தேடிப் போனார். அவருடைய ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகக் குழாயடிக்கே போனார்கள். சமத்துவத்தை அடுத்த வீட்டுச் செம்பில் ஊற்றிப் பார்க்க அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

செல்வநாயகி வெறுஞ்செம்போடு பின்வாங்க, அருளம்பலத்தார் வீட்டின் ஓரத்தால் சுற்றி வந்து, கிணற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, பல்லுக்குள்ளால் பேசினார்.

“பிள்ளை, உதென்ன வேலை?”

“பிள்ளைக்குத் தலைக்கு வாக்கிறன் அங்கிள்.”

“இஞ்சை ஆக்கள் வந்து போகினம்.”

“வரட்டும். நான் சோட்டியோடைதானே நிக்கிறன்.”

“அதில்லை நான் சொல்லுறது.”

“அப்ப எது?” இதை வசந்தினி கொஞ்சம் உரத்துத்தான் கேட்டாள். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. “நான் உங்கடை கிணத்திலை அள்ளுறதிலை ஏதும் பிரச்சினையே அங்கிள்? இருந்தால் சொல்லுங்கோ.”

அவருடைய பாட்டனார் என்றால் சொல்லியிருப்பார், அதுவும் கையில் பூவரசந்தடியோடு. ஆனால் பேரப்பிள்ளை லிகிதர். வாசிகசாலை ஆண்டு விழாவில் ‘நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள்’ என்று கண் கலங்கப் பேசுகிறவர். அந்தப் பழைய சொல் அவருடைய தொண்டைவரை வந்ததை வசந்தினி கண்ணால் கண்டாள். அவர் அதை மென்று, புரட்டி, விழுங்கினார். விழுங்க நெடுநேரம் எடுத்தது.

“சேச்சே. ஆர் அப்பிடிச் சொன்னது?” என்றார். “நான்... பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சிடும் எண்டு...”

“பூஞ்சணத்தைவிட இது நல்லது அங்கிள். டொக்டரும் வெளிக்காத்துத்தான் வேணுமெண்டவர்.”

“எத்தினை நாளைக்கு?”

“அந்தப் பூக்கல்லைத் திறக்கும்மட்டும்.”

“சூரன்போர் முடிய நீங்கள் போறியள்தானே?”

“போற இடம் கிடைக்கோணுமே. அதுமட்டும் காலமையும் பின்னேரமும் இஞ்சைதான். இண்டைக்கு அவரும் வாறார், அவரும் இஞ்சை குளிப்பார்.” கயிற்றை இழுத்தாள். கப்பி மறுபடி கீச்சென்றது. “நாளைக்குச் சூரன்போர். உங்களுக்கு நிறையச் சனம் வருமெல்லே?”

அருளம்பலத்தார் சாமியறைப் பக்கம் பார்த்தார். கால் கழுவி உள்ளே போயிருந்த தியாகராசா யன்னலுக்கு அந்தப் பக்கம் முருகன் படத்தை ஒரு விரலால் விலக்கி, பின்னால் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மேசன் வந்தார். விரத காலத்தில் சுவரில் கை வைக்கலாமோ என்று செல்வநாயகி முணுமுணுத்ததையும், நல்ல நேரம் பார்க்கவில்லையே என்று அருளம்பலத்தார் இழுத்ததையும் அந்த மனுசன் காதில் வாங்கவில்லை. ஏணியை வைத்து, உளியால் பூச்சைக் கொத்தினார். சீமெந்துத் துண்டுகள் நந்தியாவட்டைமேல் பொலபொலவென்று விழுந்தன. முதல் ஓட்டை விழுந்ததும் அதற்குள்ளால் ஒரு கீற்று வெளிச்சம் வந்து, எதிர்ச்சுவரில் இருந்த கறுப்பின்மேல் நின்றது. மேசன் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, உதுக்கையோ இவ்வளவு நாளும் பிள்ளையோடை இருந்தனியள்? ஆர் உதை அடைச்சது?”

அருளம்பலத்தாருக்கு அந்த நேரம் பார்த்து ஏணியின் காலைப் பிடிக்கவேண்டிய வேலை வந்துவிட்டது.

பின்னேரம் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூங்கன்றுகளைக் கிளப்பி வளவின் மறுகரைக்குக் கொண்டுபோய் நட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. வசந்தினி வாசலில் நின்று பார்த்தாள். ஆடியிலேயே செய்திருக்கக்கூடிய வேலை. மண்வெட்டியும் ஒரு பின்னேரமும் போதுமாயிருந்தது.

“அப்ப நாங்கள் வீடு பாக்கிறதோ அங்கிள்?” என்று கேட்டாள்.

“ஆர் போகச் சொன்னது?” என்றார், கன்றைவிட்டுத் தலை நிமிராமல். “இருங்கோ, இருங்கோ.”

மார்கழி நடுவில் சுவர் காய்ந்தது. ஜஸ்ரின் இரண்டு பக்கமும் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கிறேன் என்றான். இந்தப் பக்கம் மட்டும் அடிக்க விட்டார்கள். சாமியறைப் பக்கத்துக்கு வேறு ஆள் பிடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சந்திக் கடைக்குப் போய்வந்த ஜஸ்ரின் படியில் செருப்பை எறிந்துவிட்டு ஏறினான். முகம் சிவந்திருந்தது.

“கேட்டனியே கதையை? கடையிலை அந்தாள் நாலு பேருக்கு முன்னாலை நிண்டு சொல்லுது. ‘பாவங்கள், வேதக்காரச் சனம், பிள்ளைக்கு முட்டு. நான்தான் விரதத்தையும் பாக்காமல் சுவரை உடைச்சுக் காத்து விட்டனான்’ எண்டு. கேட்டுக்கொண்டிருந்தவங்கள் ‘நல்ல மனசு ஐயாவுக்கு’ எண்டுறாங்கள்! நான் இப்ப போய் அந்தாளின்ரை நல்ல மனசை...”

வசந்தினி கையை உயர்த்தினாள். மடியில் ஜெசிதா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜஸ்ரின் குனிந்து பிள்ளையின் நெஞ்சோடு காதை வைத்தான். சீழ்க்கை இல்லை. வெறும் மூச்சு, போனது, வந்தது.

“சொல்லட்டும்,” என்றாள் வசந்தினி. “அந்தாளுக்கு வேறை என்ன கிடக்குச் சொல்ல? நீங்கள் மெல்லக் கதையுங்கோ. பிள்ளை நித்திரை.”